கஜானாவுக்குப் போன பெட்டி

என் வாப்பா பீர் முகைதீன் ரங்கூனில் ஒரு வங்கியில் பெட்டியோடு போகிறவராக இருந்தார். சம்பளச் சீட்டில் ரொக்கப் பிரிவு உதவியாளர் என்றிருக்கும். ஆனால் கியாக்டடா பேட்டையில் அவரைத் தெரிந்தவர்கள் பெட்டியோடு சேர்த்துத்தான் அவரைத் தெரிந்து வைத்திருந்தார்கள். தமிழர்களுக்கு அவர் ‘பெட்டி காக்கா’. பர்மியர்களுக்கு ‘ஊ தித்தா’. அவர்கள் பேச்சில் ஊ என்பது ஐயா, தித்தா என்பது பெட்டி.

வங்கியின் பெயரை எழுதப்போவதில்லை. அது இப்போது இல்லை. கட்டடத்தில் வேறு யாரோ மரம் விற்கிறார்கள்.

தேக்குப் பெட்டி, உள்ளே தகரம் அடித்தது. இரண்டு பூட்டுகள். ஒன்றின் சாவி வங்கிக் கிளையை நடத்தும் ஏஜெண்டிடம், மற்றதன் சாவி கஜானா அதிகாரியிடம். சூலே பகோடாவுக்குப் பக்கத்திலிருந்த வங்கி வாசலில் அதைக் குதிரை வண்டியில் ஏற்றுவார்கள். முன்னால் ஒரு கூர்க்கா காவல். பின்னால் வாப்பா, பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி. கஜானாவில் ஒப்படைத்ததும் வண்டியை அனுப்பிவிட்டு நடந்து வருவார். கேட்டால், “வண்டி பெட்டிக்கு. எனக்கில்ல” என்பார்.

பெட்டியில் பணம் இருக்காது. பத்திரங்கள் இருக்கும். அந்த வங்கி சர்க்கார் பணத்தில் ஒரு பகுதியை வைத்திருந்தது. அதற்குச் சில கட்டுப்பாடுகள். எவ்வளவு சர்க்கார் பணம் உள்ளே இருக்கிறதோ, அவ்வளவு மதிப்புள்ள கடன் பத்திரங்களை வங்கி கஜானாவில் ஈடாக வைக்க வேண்டும். பணம் கூடினால் அன்றைக்கே பத்திரமும் கூட வேண்டும். பத்திரங்களின் விலை சந்தையில் இறங்கினால், இறங்கிய அளவுக்கு மேலும் பத்திரம் கொண்டுபோய் வைக்க வேண்டும். சர்க்கார் கேட்டால் கேட்ட நேரத்தில் பணம் தர வேண்டும். நாளை வா என்று சொல்லக் கூடாது.

தெரு இதைத் தன் வழியில் புரிந்துகொண்டது. பெட்டி கஜானாவுக்குப் போனால் வங்கிக்குப் புதிதாகச் சர்க்கார் பணம் வந்திருக்கிறது. பெட்டி திரும்பி வந்தால் சர்க்கார் பணத்தை எடுத்துவிட்டது. எனவே பெட்டி போவது நல்ல செய்தி. வெற்றிலைக் கடைக்காரர்கள்கூட வண்டியைப் பார்த்துவிட்டு, “பேங்கு நல்லாருக்கு” என்று சொல்லிக்கொள்வார்கள்.

எங்கள் ஆட்கள் அந்த வங்கியில் பணம் போட்டதற்குப் பெட்டி ஒரு காரணம். வாப்பா இன்னொரு காரணம்.

துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர்கள், சம்பான் படகு தள்ளுகிறவர்கள், சின்னக் கடை வைத்தவர்கள். வட்டி ஹராம் என்று வங்கிப் பக்கமே போகாமல், பாய்க்கு அடியிலும் மூங்கில் குழாயிலும் பணத்தை வைத்திருந்தவர்கள். மூங்கில் வீட்டில் தீப்பிடித்தால் குழாயும் போகும். வாப்பா அவர்களிடம் ஒரு வழி சொன்னார். பணத்தைப் போடுங்கள், வட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், அப்போது அது அமானிதம்.

அமானிதம் என்றால் எங்களுக்குப் பெரிய சொல். ஒருவர் நம்பிக் கொடுத்ததைத் தொடாமல் வைத்திருந்து, கேட்டபோது அப்படியே திருப்பித் தருவது. அந்தச் சொல்லைக் கேட்டபின் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து, வட்டி வேண்டாம் என்று கைநாட்டு வைத்தார்கள். வங்கிக் கணக்கர் சுப்பிரமணியம், வாப்பாவின் சிநேகிதர், ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். “கொண்டா காக்கா, கொண்டா. உங்க ஆளுங்களைப் பாத்தாத்தான் ஏஜெண்ட் துரைக்குப் பசியே எடுக்குது.”

வாப்பா இதைப் பாராட்டு என்று நினைத்தார்.

எனக்கு அக்கா முறையான பல்கீஸ் ராத்தா லத்தா சந்தை முனையில் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் விற்றவர். கணவர் இல்லை. ஹஜ்ஜுக்குப் போகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கொழுந்தன் உதுமான் நல்லவன்தான். ஆனால் மாதத்துக்கு ஒரு வியாபாரம் தொடங்கி அவரிடம் பணம் கேட்பான். அதனால் பல்கீஸ் ராத்தா வங்கியில் ஒன்று கேட்டார். “ஒரு வருஷத்துக்கு நானே வந்து அழுது கேட்டாலும் குடுக்கக் கூடாது. அப்படி ஒரு பூட்டு இருக்கா?” இருந்தது. தவணைக் கணக்கு. அடுத்த ஹஜ் கப்பல் புறப்படும் பருவத்துக்குத் தவணை வைத்துப் போட்டார். வட்டி வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்தார்.

நான் ஆற்றுக்கு அக்கரையில், தன்லியினில் எண்ணெய் ஆலையின் கொதிகலன் பிரிவில் வேலை பார்க்கிறேன். விடுமுறைக்குப் படகேறி வீட்டுக்கு வருவேன். அப்படி வந்திருந்த ஒரு காலையில் வாப்பாவும் நானும் பல்கீஸ் ராத்தாவின் கடையில் சாப்பிட்டோம்.

“காக்கா, நேத்தும் பெட்டி போச்சாமே?”

“போச்சு. சர்க்கார் பணம் வந்திருக்கு.”

“பணத்த அவங்க குடுக்குறாங்க. அப்புறம் நீங்க ஏன் அவங்களுக்குப் பெட்டி சுமக்குறீங்க?”

“அது ஈடு தங்கச்சி. பேங்குக்கு ஏதாச்சும் ஆயிட்டா சர்க்கார் அந்தப் பத்திரத்த வித்துப் பணத்த எடுத்துக்கும்.”

“ஓ.” இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினார். “அப்ப சர்க்காருக்கே பேங்கு மேல சந்தேகம்தான்.”

“சந்தேகம் இல்ல. அது முறை.”

“சரி, முறைன்னே வச்சுக்குவோம். என் பணத்துக்கு எந்தப் பெட்டி போகுது? எந்தக் கிழமை போகுதுன்னு சொன்னீங்கன்னா, நானும் வழியில நின்னு பாப்பேன்ல?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். எழுந்து கை கழுவினார். தெருமுனை வரை வந்தபின் பின்னாலிருந்து குரல் கேட்டது. “காக்கா! சர்க்காருக்கு ஈடு குடுக்குற ஆளு, எனக்குச் சாப்பாட்டுக் காசாவது குடுத்துட்டுப் போகலாம்ல!”

திரும்பிப் போய்க் கொடுத்தார்.

மறுநாள் வாப்பா சுப்பிரமணியத்திடம், எங்கள் ஆட்கள் பணத்துக்கு எந்தப் பெட்டி போகிறது என்று கேட்டிருக்கிறார். இதை எனக்குச் சொன்னவர் சுப்பிரமணியம்தான்.

“காக்கா, நீங்க அமானிதம்ங்கறீங்க. பேங்குல அப்படி ஒண்ணு கிடையாது. அது கடன். உங்க ஆளுங்க பேங்குக்குக் கடன் குடுத்திருக்காங்க. வட்டியில்லாத கடன், ஈடுமில்லாத கடன். பேங்கு அத அப்படியே வச்சிருக்குன்னா நினைச்சீங்க? நெல்லு மில்லுக்காரனுக்குக் குடுத்து வட்டி வாங்குது.”

“பேங்கு விழுந்தா?”

“சர்க்கார் பெட்டியத் தொறந்து எடுத்துக்கும். பாக்கி என்ன இருக்கோ அத மத்தவங்க பங்கு போட்டுக்க வேண்டியதுதான்.”

“இத நீ ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?”

“பெட்டியக் கொண்டுபோறதே நீங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு நான் எப்படி நினைப்பேன்?”

வாப்பா ஏஜெண்டிடம் போனார். வட்டி வாங்காதவர்கள் பணத்துக்கும் ஒரு பெட்டி வைக்க முடியுமா என்று கேட்டார். ஏஜெண்ட் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். சர்க்கார் ஈடு கேட்டது, கொடுத்தோம், இவர்கள் கேட்கவில்லை, எல்லோருக்கும் ஈடு வைத்துவிட்டால் வங்கி எதை வைத்துத் தொழில் செய்யும் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

எங்கள் ஆலையில் தீயணைப்புப் பம்புக்கென்று கொதிகலனிலிருந்து தனிக்குழாய் ஒன்று போகிறது. நீராவி குறைந்தால் மற்ற குழாய்களை ஒவ்வொன்றாக அடைப்போம். அதை மட்டும் அடைக்க மாட்டோம். அது சரியான அமைப்பு. சர்க்கார் பணம் ஊர்ப் பணம், அது பாதுகாப்பாக இருக்க வேண்டியதுதான். ஆனால் மற்ற குழாய்களின் முனையில் நிற்பவர்களுக்கு, நீராவி குறைந்தால் முதலில் நிற்கப்போவது தங்களுடையது என்று தெரிந்திருக்க வேண்டும். வாப்பாவிடம் இப்படித்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அவங்ககிட்ட நிக்காதுன்னு சொன்னவன் நான்” என்றார்.

அந்த வருடம் நெல் விலை சரிந்தது. மில்காரர்கள் வாங்கிய கடன் வங்கிக்குத் திரும்பவில்லை. அதே சமயம் பத்திரங்களின் விலையும் இறங்கியது. கஜானா, முறைப்படி, இறங்கிய அளவுக்கு மேலும் ஈடு கேட்டது. ஒரே மாதத்தில் இரண்டாவது பெட்டி போயிற்று. புதிதாகச் சர்க்கார் பணம் எதுவும் வரவில்லை. வங்கி தன் கையிலிருந்த நல்ல பத்திரங்களை எடுத்துக் கொடுத்தது. அவ்வளவுதான்.

தெருவுக்கு அது தெரியாது. வண்டி போகும்போது சம்பான்காரர் ஜாபர் ஓரத்தில் நின்று கையைத் தூக்கினாராம். “காக்கா! இந்த மாசம் ரெண்டாவது பெட்டி! பேங்கு கொழுத்துப்போச்சு போ!” வெற்றிலைக் கடைக்காரர் எழுந்து நின்று சலாம் வைத்தாராம்.

வாப்பா நேராகப் பார்த்தபடி போனார். கை பெட்டியின் மேல் இருந்தது. கஜானாவில் ஒப்படைத்தார். வண்டியை அனுப்பினார். வழக்கம்போல் நடந்து திரும்பினார். அன்றைக்கு மட்டும் வங்கிக்கு நேராகப் போகவில்லை. கடை கடையாக ஏறினார். துறைமுகப் படித்துறைக்கும் போனார். வங்கிக்குள் நடக்கும் எதையும் அவர் வெளியே சொல்லவில்லை. அது வேலையின் கட்டுப்பாடு. எல்லா இடத்திலும் ஒரே பேச்சு.

“நான் அமானிதம்னு சொன்னது தப்பு. அது நீங்க பேங்குக்குக் குடுத்த கடன். அதுக்கு ஈடு கிடையாது. பெட்டியில இருக்கறது சர்க்காருக்கு. வச்சிருக்கறதும் எடுக்கறதும் உங்க இஷ்டம்.”

சிலர் திட்டினார்கள். ஜாபர், “இத்தன வருஷமா வட்டிய வேண்டாம்னு விட்டது யாரு வாய்க்குப் போச்சு? அத மொதல்ல சொல்லு” என்று மேல்துண்டைப் பிடித்தார். வாப்பா துண்டை அவரிடமே விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனார். மாலை ஜாபரே துண்டை மடித்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த வாரத்தில் பெரும்பாலோர் பணத்தை எடுத்தார்கள். வங்கி எல்லோருக்கும் கொடுத்தது. கூட்டம் கூடவில்லை, கல் விழவில்லை. ஆனால் ஏஜெண்டுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வாப்பாவைக் கூப்பிட்டார். நீ சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றார் வாப்பா. வேலை போயிற்று. மாதச் சம்பளம் முழுதும் கொடுத்தார்கள்.

கிளம்பும்முன் வாப்பா ஒன்றே ஒன்று கேட்டார். பல்கீஸின் தவணைப் பணத்தை முன்கூட்டித் தர வேண்டும். ஏஜெண்ட் மறுத்தார். சர்க்காருக்குத் தவணை கிடையாது. மற்றவர்களுக்குத் தவணை தவணைதான்.

பல்கீஸ் ராத்தாவிடம் போய்ச் சொன்னபோது முதலில் சிரித்திருக்கிறார். “நானே கேட்டாலும் குடுக்காதேன்னு நான்தான சொன்னேன். சொன்ன சொல்லக் காப்பாத்துறான் பேங்குக்காரன்.” பிறகு சிரிக்கவில்லை. இடியாப்ப உரலை வெறுமனே திருகிக்கொண்டிருந்தாராம்.

அன்று நான் வீட்டில் இருந்தேன். வாப்பா சின்னத் தேக்குப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். ஒரு கொண்டி இருந்தது. இன்னொரு கொண்டி அடிக்கச் சொன்னார். எதற்கு இரண்டு பூட்டு என்று கேட்டேன்.

“கஜானாப் பெட்டிக்கு ரெண்டு.”

உம்மாவைக் கூப்பிட்டு, பல்கீஸுக்கு ஈடு வைக்க நகையைக் கேட்டார். உம்மா ரஹீமா மெதுவாகப் பேசுகிறவர் அல்ல.

“ஏங்க, அவ பணத்த பேங்குல போட்டா. பேங்கு ஈடு குடுக்கட்டும். உங்ககிட்டயா குடுத்தா?”

“நான் சொல்லித்தான் போட்டா.”

“ஊர்ல நீங்க சொன்னதுக்கெல்லாம் ஈடு வைக்க நான் எத்தன கழுத்தோட பொறக்கணும்?”

வாப்பா துணியால் பெட்டியின் உட்புறத்தைத் துடைத்தார். நான் கொண்டிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். நானும் உம்மாவின் பக்கம்தான். வேண்டாம் வாப்பா என்று சொன்னேன். உம்மா உள்ளே போனார். வெகுநேரம் பெட்டகத்தை உருட்டும் சத்தம் கேட்டது. மூட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

“கொலுசு கனம். அத அடியில வைங்க. மேல வளையல். மாத்தி வச்சீங்கன்னா நசுங்கிரும்.”

ஈடு, கொடுத்தவரிடமும் இருக்கக் கூடாது, வாங்கியவரிடமும் இருக்கக் கூடாது என்பது வாப்பாவின் கணக்கு. மூன்றாம் இடம் வேண்டும். ஜவுளிக்கடை பர்கத்துல்லாவிடம் ஓர் இரும்புப் பெட்டகம் உண்டு. அதில் வைப்பதாக ஏற்பாடு. ஒரு சாவி பர்கத்துல்லாவுக்கு, ஒரு சாவி பல்கீஸுக்கு.

வீட்டிலிருந்து பர்கத்துல்லா கடை நடக்கிற தூரம். பெட்டி மடியில் அடங்கும். ஆனால் வாப்பா குதிரை வண்டி பிடித்தார். லத்தா வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார். கூர்க்காவுக்குப் பதில் முன்னால் நான்.

சந்தை முனையில் வண்டி நின்றது. பல்கீஸ் ராத்தா மாவுக் கையோடு எழுந்து வந்தார்.

“என்ன காக்கா, வேலை போனப்புறமும் வண்டியா?”

“எந்தக் கிழமைன்னு கேட்டியே. வியாழக்கிழமை.”

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. வாப்பா பெட்டியின் மேல் கையை வைத்தபடி, என்ன இருக்கிறது, எங்கே போகிறது, எப்போது திறக்கலாம் என்று சொன்னார். சாவியைக் கொடுத்தார். பக்கத்தில் மீன்குழம்புச் சேமியாவான மொஹிங்கா விற்கும் பர்மியப் பெண் எட்டிப் பார்த்து, “ஊ தித்தா, இதென்ன குட்டி போட்டிருக்கு?” என்றார். பல்கீஸ் ராத்தா அவரைப் பார்த்து முறைத்தார். பிறகு முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் மாவு.

வண்டி கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்தவரை அவர் வழியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

தவணை முடிய இன்னும் சில வாரம் இருந்தபோது வங்கி கதவை மூடியது. சர்க்கார் தன் ஈட்டை விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டது. மீதம் வந்த பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தது. மற்றவர்களுக்கு, சொத்தை எல்லாம் விற்றபின் பங்கு கிடைக்கும் என்று அறிவித்தார்கள். பாதி தேறலாம் என்றார் சுப்பிரமணியம். அவருக்கும் வேலை போயிருந்தது.

மறுநாளே பல்கீஸ் ராத்தா சாவியோடு வந்து நின்றார். “பிடிங்க காக்கா. நான் விளையாட்டாக் கேட்டது.”

“சர்க்கார் விளையாட்டாவா கேட்டுச்சு?”

“அவங்க சர்க்கார்.”

“நீ யாரா இருந்தா என்ன? தவணை நாள் வரட்டும். அன்னிக்குத் தொறப்போம்.”

தவணை நாளன்று பர்கத்துல்லா கடையில் பெட்டியைத் திறந்தோம். தட்டார் வந்து எடை போட்டார். பல்கீஸ் ராத்தாவுக்குச் சேர வேண்டிய அளவுக்கு மட்டும் விற்றார்கள். வங்கி எப்போதாவது பங்கு கொடுத்தால் அது எங்களுக்கு என்று அவர் கைநாட்டு வைத்தார். வாப்பா எல்லாவற்றையும் கஜானாவில் பார்த்தபடியே செய்தார். கடைசியில் ஒரு வளையல் மிச்சம். அதைப் பெட்டியில் போட்டு, இரண்டு பூட்டும் போட்டு, பல்கீஸ் ராத்தாவே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டு சாவியோடும் உம்மாவின் கையில் கொடுத்தார். உம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “சர்க்கார் நல்ல சர்க்கார்தான்” என்றார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். வாப்பா சந்தோஷமாக இருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

ஹஜ் கப்பல் புறப்பட்டது. பல்கீஸ் ராத்தாவை வழியனுப்பத் துறைமுகத்துக்கு வாப்பா போனார். அதன்பிறகு பர்கத்துல்லாவின் கடையில் துணி அளந்தார். மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. செய்தி ஆலைக்கு வந்தபோது ஆற்றில் வெள்ளம். படகு தாமதமாகத்தான் கிடைத்தது. நான் இக்கரை வந்து சேர்ந்தபோது உடலைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

பள்ளிவாசலிலிருந்து சந்தூக்கு வந்திருந்தது. எல்லோருக்கும் பொதுவான மரப்பெட்டி. அடக்கம் செய்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுவார்கள். ஜாபர் முன்னால் தோள் கொடுத்தார், சுப்பிரமணியம் எனக்கு எதிரில். கியாக்டடா வழியாகப் போனோம். வெற்றிலைக் கடைக்காரர் எழுந்து நின்றார். நெரிசலில் யாரோ ஒருவர் தோள் மாற்ற வந்தபோது நான் சற்று விலகி, கூடவே நடந்தேன். கபருஸ்தான் வரை கையைப் பெட்டியின் மேலிருந்து எடுக்கவில்லை.

நாற்பது நாள் ஆகிவிட்டது. வங்கியின் பங்கு இன்னும் வரவில்லை. உம்மா அந்த வளையலைச் சின்னப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்; ஒரு பூட்டுதான் போடுகிறார். பல்கீஸ் ராத்தா ஏறிய கப்பல் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அவருக்கு இன்னும் தெரியாது. துறைமுகத்தில் நான்தான் போய் நிற்க வேண்டும்.

அன்றைக்கு அடக்கம் முடிந்து திரும்பும்போது சுப்பிரமணியம் வண்டி பிடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வாப்பாவைப் போல நடந்தே வந்தேன்.